வடகடல் கோடைக்கு ஒரு பெட்டி

அலாஸ்காவின் கெச்சிக்கன் துறைமுகத்தில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சிங்கப்பூரில் பெய்வது ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர். குடையில்லாமல் புளோக்கை விட்டு இறங்காத சிங்கப்பூரர், தம் ஊரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் மழை கொட்டும் ஊரில் போய் இறங்குகிறார். ஆனால் உல்லாசக் கப்பல் பயணத்துக்காகச் சிராங்கூன் சாலைப் பக்கம் துணிமணி வாங்க வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது, முழங்கால்வரை தொங்கும் கனத்த ஓவர்கோட்டைத்தான். பனியை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். மழையைப் பற்றிக் கேட்பவர் குறைவு.

வடகடலின் கோடைக் குளிரை எவரும் தாங்கிவிடலாம். அதோடு காற்றும் ஈரமும் சேரும்போதுதான் உடம்பு நடுங்கும். பெட்டியில் என்ன வைப்பது, எதை வீட்டிலேயே விட்டுவிடுவது என்பதையெல்லாம் இந்த ஒரு விஷயத்தை வைத்தே முடிவு செய்யலாம்.

சிங்கப்பூரில் 1934 ஜனவரியில் 19.4 டிகிரி செல்சியஸ் பதிவானது. நகரத்தின் மிகக் குளிர்ந்த நாட்களில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்வார்கள். அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் ஜூலை மாத நண்பகலின் சராசரியே அதைவிடக் குறைவு, 17 அல்லது 18 டிகிரிதான். இரவில் 10 டிகிரிக்கு வந்துவிடும். பனியாறுகளைக் காட்டுவதற்காகக் கப்பல்கள் நுழையும் கிளேசியர் பேயில் கோடைப் பகல் 10 முதல் 15 டிகிரி. நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டின் லாங்யர்பியனுக்குப் போகிறவர்களுக்கு ஜூலையிலும் 6, 7 டிகிரிதான் கிடைக்கும். அலுவலகக் குளிரூட்டியில் பழகிவிட்டோம் என்ற தைரியம் இங்கே செல்லாது. அலுவலகத்தில் காற்று அடிப்பதில்லை, மழையும் பெய்வதில்லை.

கப்பல் மணிக்கு 20 கடல்மைல் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கடலில் காற்றே இல்லாத நாளிலும் மேல்தளத்தில் நிற்பவரின் முகத்தில் மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அறையும். வெப்பமானி 10 டிகிரி காட்டினாலும் தோல் அதை 6 டிகிரியாக உணரும். வெப்பமானி 5 காட்டினால் உறைநிலையில் நிற்பது போலத்தான் இருக்கும். பனியாற்றின் முன்னால் கப்பல் வேகத்தைக் குறைத்து நின்றுவிடும், உண்மைதான். ஆனால் அங்கே பனிக்கட்டியின் மேல் குளிர்ந்து கனத்த காற்று சரிந்து கடலுக்கு இறங்கும். பனிப்பாளம் உடைந்து விழுவதைப் பார்க்க ஆட்கள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார்கள். நடக்கும்போது தெரியாத குளிர் நிற்கும்போதுதான் ஏறும். கிளேசியர் பேக்குள் ஒரு நாளைக்குப் பெரிய உல்லாசக் கப்பல்கள் இரண்டை மட்டுமே அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை அனுமதிக்கிறது. அத்தனை அரிதாகக் கிடைக்கும் நாளை, குளிர் தாங்காமல் அறைக்குள் ஓடி, கண்ணாடி வழியாகப் பார்த்துக் கழிப்பது பெரிய இழப்பு.

மூன்று அடுக்கு

மலையேறிகளும் மீனவர்களும் வெகுகாலமாகக் கடைப்பிடிக்கும் முறை ஒன்று உண்டு. உடம்போடு ஒட்டிய அடுக்கு வேர்வையை வெளியேற்ற வேண்டும், நடு அடுக்கு சூட்டைப் பிடித்து வைக்க வேண்டும், மேல் அடுக்கு காற்றையும் மழையையும் தடுக்க வேண்டும். மூன்றும் தனித்தனி உடைகளாக இருந்தால் தேவைக்குப் போடலாம், கழற்றலாம். ஓவர்கோட்டில் இந்த வசதி கிடையாது. ஜூனோவில் வெயில் அடித்தால் அது சுமை, கெச்சிக்கனில் நனைந்தால் இரண்டு நாள் உலராது, பெட்டியிலோ பாதி இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும்.

உள் அடுக்கில் நம்மவர்கள் தவறு செய்வது பருத்தியால். பனியன், டீ-ஷர்ட், ஜீன்ஸ் எல்லாம் பருத்தி. நம் ஊர் வெக்கைக்கு அதைவிட நல்ல துணி இல்லை. ஆனால் பருத்தி தண்ணீரைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும், லேசில் உலராது, உலரும்வரை உடல்சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஜீன்ஸ் அதிலும் மோசம். ஒருமுறை நனைந்தால் அன்று முழுவதும் ஈரக்காலோடுதான் திரிய வேண்டும். கம்பளியும் பாலியெஸ்டரும் அப்படியல்ல. மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி ஈரத்திலும் ஓரளவு சூடு கொடுக்கும், இரண்டு மூன்று நாள் போட்டாலும் வாடை அடிக்காது. விலை கூடுதல்தான். கட்டுப்படி ஆகாதவர்களுக்கு யூனிக்ளோவின் ஹீட்டெக், டெகத்லானின் தெர்மல் வகைகள் போதும். ஏழு இரவுப் பயணத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு செட் இருந்தால், ஒன்றைத் துவைத்துக் குளியலறைக் கொடியில் போட்டுவிட்டு மற்றதை உடுத்தலாம்.

நடு அடுக்குக்கு ஒரு ஃபிளீஸ், ஒரு மெல்லிய பஞ்சு ஜாக்கெட். வாத்துத் தூவி அடைத்த ஜாக்கெட் கைப்பிடியளவு சுருங்கிவிடும் என்பதால் பலருக்கும் அதன்மேல் ஆசை. ஆனால் தூவி நனைந்தால் கட்டிதட்டிச் சூட்டை இழந்துவிடும். ஸ்வால்பார்டின் வறண்ட குளிருக்கு அது சரி. தென்கிழக்கு அலாஸ்காவின் மழைக்கும், மழைக்குப் பேர்போன நார்வேயின் பெர்கனுக்கும் செயற்கை இழை அடைத்ததுதான் நல்லது.

காசைச் செலவழிக்க வேண்டிய இடம் மேல் அடுக்கு. கடையில் மழைக்கோட்டை எடுத்ததும் வெளிப்பக்கத்தைப் பார்ப்பதை விட்டு, அதை அப்படியே உள்வெளியாகத் திருப்ப வேண்டும். தோள்பட்டைத் தையலின் மேல் விரலை ஓட்டினால், ஊசி போன தடம் முழுவதும் விரலகலப் பட்டை ஒன்று ஒட்டியிருப்பது வழவழவென்று தட்டுப்படும். அந்தப் பட்டை இல்லாவிட்டால் துணி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஊசித் துளை வழியே தண்ணீர் இறங்கும். பிறகு தலைமறைப்பின் கயிற்றை இழுத்துக் கட்டி, தலையை இடமும் வலமுமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். மறைப்பு தலையோடு கூடவே திரும்ப வேண்டும். அது அசையாமல் நின்று முகம் மட்டும் திரும்பினால் திமிங்கலம் எந்தப் பக்கம் எழும்பினாலும் துணிதான் தெரியும். முத்திரைச் சீட்டில் 10,000 மில்லிமீட்டர் நீர்த்தாங்கு அளவு போட்டிருந்தால் இந்தப் பயணத்துக்குத் தாராளம். ஃபிளீஸும் பஞ்சு ஜாக்கெட்டும் உள்ளே போட்டபடியே அளவு பார்ப்பது அவசியம். சிங்கப்பூர்க் கடையில் வெறும் டீ-ஷர்ட்டின் மேல் போட்டுப் பார்த்து வாங்கிய கோட்டு, அங்கே போய்ப் பொத்தான் பூட்டாது.

வாங்கிய கோட்டைச் சோதிக்கச் சிங்கப்பூரைப் போல வசதியான ஊர் கிடையாது. பிற்பகல் இடிமழையில் அதைப் போட்டுக்கொண்டு புளோக்கைச் சுற்றிக் கால்மணி நேரம் நடந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். உள்ளே ஈரம் தெரிந்தால் ரசீதோடு கடைக்குத் திரும்பிப் போகலாம். கெச்சிக்கனிலிருந்து திரும்பி வர முடியாது.

குடை வேண்டாம். கடற்காற்று அதைப் புரட்டிப் போட்டுவிடும். அதே எடைக்கு ஒரு மழைக்கால்சட்டை வைத்தால், ஜூனோவில் திமிங்கலம் பார்க்கப் போகும் சிறு படகில் அலைத் தெறிப்பு இடுப்புக்குக் கீழே படாது.

எங்கே வாங்குவது, எப்போது வாங்குவது

ஜூன் பள்ளி விடுமுறையில் பயணம் என்றால் மே மாதக் கடைசியில் கடைக்கு ஓடுவது வழக்கமாக இருக்கிறது. அது சரியான காலம் அல்ல. குளிராடைச் சரக்கு சிங்கப்பூரில் நவம்பர், டிசம்பர் விடுமுறையை ஒட்டித்தான் நிறைந்திருக்கும். அப்போதுதான் அளவும் நிறமும் வேண்டியபடி கிடைக்கும். கப்பல் இடத்தை ஆறேழு மாதம் முன்பே பதிவு செய்கிறவர்கள் துணியையும் அந்தக் கையோடு வாங்கிவிடலாம்.

லிட்டில் இந்தியாவில் தொடங்குவது எல்லா வகையிலும் சிக்கனம். 1971இல் கேம்பல் லேனில் சிறு துணிக்கடையாகப் பிறந்து 1995இல் சையது ஆல்வி சாலைக்கு விரிந்த முஸ்தபா சென்டரில் பெட்டி, பூட்டு, கொக்கித் தராசு, பிளக் மாற்றி, மருந்து, பற்பசை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். நுட்பமான மழையாடைக்குக் காலாங்கின் டெகத்லானுக்குப் போவது நல்லது. பீச் ரோட்டில் கோல்டன் மைல் உணவு நிலையத்தின் மேல்மாடியில் இருக்கும் ராணுவச் சந்தை, தேசிய சேவைக்குப் போன பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த இடம். தண்ணீர் புகாத பைகளும் தலைவிளக்கும் கையுறையும் அங்கே மலிவு. கேமராவையும் கைத்தொலைபேசியையும் படகுப் பயணத்தில் காப்பாற்ற அந்தப் பைகளில் ஒன்று போதும்.

வளரும் பிள்ளைகளுக்குப் புதிதாக வாங்குவது வீண். அடுத்த ஆண்டு கை ஏறிவிடும். 2012இல் சிங்கப்பூரில் தொடங்கிய கேரோசல் தளத்தில் ஒரே ஒரு விடுமுறைக்குப் போட்ட குளிராடைகள் வந்தபடி இருக்கின்றன. உறவினர் வீட்டு அலமாரியில் தூங்குவதையும் கூச்சப்படாமல் கேட்டு வாங்கலாம்.

சேலையும் வேட்டியும்

"அங்கே சேலை கட்ட முடியுமா?" என்பது அம்மாக்களும் அத்தைமார்களும் கேட்கும் நியாயமான கேள்வி. கப்பலுக்குள் தாராளமாகக் கட்டலாம். உள்ளே அறைச் சூடு இதமாக இருக்கும், காற்றும் அடிக்காது. முறைசார்ந்த உடையில் இரவு விருந்துக்கு வரச்சொல்லும் கப்பல்களில் பட்டுச்சேலைக்கு இணையான உடை இல்லை. எடைதான் கவனிக்க வேண்டியது. கனமான காஞ்சிப் பட்டு ஒன்று ஒரு கிலோவை நெருங்கும். ஒன்று போதும், இன்னொரு இரவுக்கு மெல்லிய மைசூர்ப் பட்டு. தேக்கா நிலையத்தின் மேல்மாடித் தையல்காரரிடம் முழுக்கை ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது, தெர்மலை உள்ளே போட்டுக்கொண்டு அளவு கொடுப்பது புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் கையிடுக்கில் பிடிக்கும். பாவாடைக்குள் தெர்மல் லெக்கிங்ஸ் வெளியே தெரியாது.

ஆனால் கரையில் இறங்கும் நாளில் சேலை வேண்டாம். கப்பலுக்கும் கரைக்கும் போடும் பாலம் கடல்மட்டத்தைப் பொறுத்துச் செங்குத்தாகச் சாய்ந்திருக்கும், மழையில் வழுக்கும். படகுத் துறையில் கொசுவம் காலில் சிக்கினால் விபரீதம். சுடிதாராக இருந்தால் மேற்சட்டை குட்டையாக, மழைக்கோட்டுக்குள் அடங்க வேண்டும். துப்பட்டாவுக்குப் பதில் கழுத்தைச் சுற்றிச் செருகிக்கொள்ளும் கம்பளிச் சால்வை. ஆண்களுக்கும் இதே கணக்குத்தான். பட்டு வேட்டியும் முழுக்கைச் சட்டையும் விருந்துக்குக் கம்பீரமான உடை. கப்பல் நிறுவனத்தின் உடை விதியில் பாரம்பரிய உடைக்கு இடமுண்டா என்று முகவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் மனக்கசப்பு வராது.

குரங்குக் குல்லாவைச் சிலர் பழைய பாணி என்று ஒதுக்குகிறார்கள். காதையும் கழுத்தையும் ஒருசேர மூடுவதில் அதை விஞ்சும் பொருள் குறைவு. வயதானவர்களுக்கு மேல்தளத்தில் அதுவே சரி. கையுறை மட்டும் இரண்டு ஜோடி வேண்டும், விரல் அசைக்க ஒரு மெல்லியது, அதன்மேல் போட ஒரு நீர்புகாதது. கம்பளிக் காலுறை மூன்று ஜோடி. காலணி நீர்புகாததாக, கணுக்காலை மூடுவதாக இருக்க வேண்டும். புதுக் காலணியைக் கப்பலில்தான் முதன்முதலில் போடுவது என்று வைத்துக்கொண்டால் கொப்புளம் உறுதி. இரண்டு வாரத்துக்கு மேக்ரிச்சி காட்டுப் பாதையிலோ புக்கிட் தீமா மலையிலோ காலை நடைக்கு அதைப் போட்டுப் பழக்கிவிட வேண்டும்.

சாமி படம் வரலாம், கற்பூரம் வரக்கூடாது

கடலில் தீயைவிடப் பெரிய பயம் கிடையாது. ஆகவே மெழுகுவத்தி, ஊதுபத்தி, சூடேற்றும் சாதனங்கள் எல்லாம் பெரும்பாலான கப்பல்களில் தடை. காலையில் விளக்கேற்றும் பழக்கமுள்ளவர்கள் பேட்டரி விளக்கு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். கற்பூரம் எளிதில் தீப்பிடிப்பது, விமானத்துக்கே ஆகாது. குட்டிச் சோறாக்கி, கெண்டி, துணி தேய்க்கும் பெட்டி மூன்றையும் கப்பல் வாசலில் சோதனையிட்டு எடுத்து வைத்துக்கொள்வார்கள். எழுச்சித் தடுப்புள்ள மின்நீட்டிப்புப் பலகைக்கும் இதே கதிதான். அறையில் அமெரிக்க, ஐரோப்பிய வகைத் துளைகள்தான் இருக்கும், நம் மூன்று சதுரக் கம்பி பிளக் நுழையாது. மாற்றி இரண்டு போதும். கைமின்கலன் (பவர் பேங்க்) கைப்பையில்தான் இருக்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் அனுமதிப்பதில்லை.

உணவைப் பொறுத்தவரை வீட்டில் செய்த பண்டங்களைக் கப்பலில் ஏற்ற விடுவது அரிது. கடையில் மூடி முத்திரையிட்ட பருப்புப் பொடி, ஊறுகாய் போன்றவற்றை எடுத்துப் போகிறவர்கள் அமெரிக்க, கனடியச் சுங்கத்தில் ஒளிக்காமல் அறிவித்துவிட வேண்டும். கருவாடு, இறைச்சி வகையறா வேண்டவே வேண்டாம். சைவச் சாப்பாடு தேவை என்பதைப் பயணத்துக்குப் பல வாரம் முன்பே கப்பல் நிறுவனத்துக்கு எழுதிவிட்டால் பொடிகளின் தேவை பாதியாகக் குறையும்.

தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். சிங்கப்பூரில் சொட்டுச் சொட்டாக விழும் எண்ணெய், அலாஸ்காவில் கப்பல் அறைக்குள்ளேயே குறுகிய வாய் புட்டியில் வெள்ளைக்கட்டியாக நின்றுவிடும். வாயகன்ற சிறு டப்பாவில் எடுத்துப் போனால் விரலால் வழித்துக்கொள்ளலாம். உதட்டுக்கும் குதிகாலுக்கும் வாசலின் வேண்டும். அறைக்குள் சூடாக்கிய காற்றிலும் கடற்காற்றிலும் தோல் வெடிக்கும். வெயில் பூச்சையும் கறுப்புக் கண்ணாடியையும் விட்டுவிடக் கூடாது. ஜூனோவில் ஜூன் மாதப் பகல் சுமார் 18 மணி நேரம் நீளும், பனியிலும் நீரிலும் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கூசும். நார்வேயின் வடமுனைக் குன்றில் மே நடுவிலிருந்து ஜூலை கடைசிவரை சூரியன் மறைவதே இல்லை. அங்கே போகிறவர்களுக்குக் கண்மறைப்புத் துணி இல்லாமல் தூக்கம் வராது. இருகண் தொலைநோக்கி ஆளுக்கொன்று வேண்டும். ஒன்றை நாலுபேர் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் கரடி காட்டுக்குள் போய்விடும்.

அலாஸ்காவின் ஸ்காக்வே ஊரிலிருந்து ஒயிட் பாஸ் கணவாய்க்கு ஏறும் குறுகிய தண்டவாள ரயில் அந்தப் பயணத்தின் பெரிய ஈர்ப்புகளில் ஒன்று. 1898இல் கட்டத் தொடங்கி 1900இல் முடித்த அந்தப் பாதை, குளோண்டைக் தங்க வேட்டையின் மிச்சம். ரயில் வருவதற்கு முன் அந்தப் பகுதிக் கணவாய்களைக் கடந்தவர்களிடம் கனடியக் காவல்படை ஓராண்டுக்குத் தேவையான உணவு இருக்கிறதா என்று பார்த்துத்தான் எல்லையில் விட்டது. கருவிகளும் சேர்ந்து ஆளுக்கு ஒரு டன் வரும். அதைச் சிறு சிறு மூட்டைகளாக முதுகில் சுமந்து, திரும்பத் திரும்ப மலையேறினார்கள். இன்றைக்கு அதே வழியில் போகிறவருக்கு ஒரு முதுகுப்பையே அதிகம்.

பெட்டிக்குள் எது, கைப்பையில் எது

கப்பலேறும் நாளில் பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அது அறை வாசலுக்கு வர மாலையாகிவிடும், சில நாள் இரவுச் சாப்பாட்டு நேரமும் ஆகும். இதற்குள் கப்பல் வான்கூவரையோ சியாட்டலையோ விட்டுப் புறப்பட்டிருக்கும். எல்லாரும் மேல்தளத்தில் நின்று கையசைக்கும்போது, ஜாக்கெட் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே மழைக்கோட்டும் ஃபிளீஸும் விமானத்திலிருந்தே கையோடு வர வேண்டும். பெட்டி வழியில் தொலைந்தாலும் இந்த இரண்டும் ஒரு செட் தெர்மலும் இருந்தால் பயணம் கெடாது.

இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் மருத்துவர் சீட்டோடும் அசல் உறையோடும் கைப்பையில் இருக்கட்டும். கடல் மயக்க மாத்திரையைப் பற்றிப் புறப்படும் முன்பே மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு அது ஒத்துப்போக வேண்டும். தீவுகளுக்கு இடையே போகும் நீர்வழி பெரும்பாலும் அமைதியானது. அலாஸ்கா வளைகுடாவைக் கடக்கும் பயணங்களில்தான் அலை ஆட்டும்.

பயணப் பத்திரங்களில் ஒரு எச்சரிக்கை, குறிப்பாக இந்தியக் கடவுச்சீட்டோடு சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருப்பவர்களுக்கு. 1886ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் சியாட்டலில் புறப்பட்டுச் சியாட்டலுக்கே திரும்பினாலும் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். அது பெரும்பாலும் கனடாவின் விக்டோரியா. அமெரிக்க விசாவோடு கனடிய விசாவும் வேண்டும் என்பது பலருக்குக் கடைசி வாரத்தில்தான் தெரியவருகிறது. ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால், நார்வே வழியாக அங்கே போய்த் திரும்புகிறவருக்கு இருமுறை நுழையும் ஷெங்கன் விசா தேவை.

பயணத்தின் கடைசி இரவில் பெரிய பெட்டிகளை அடையாளச் சீட்டு கட்டி அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். மறுநாள் கரையில் இறங்கிய பிறகுதான் அவை மீண்டும் கைக்கு வரும். அதற்குள் மறுநாள் போட வேண்டிய உடை, காலணி, மாத்திரை, கடவுச்சீட்டு நான்கையும் கட்டில்மேல் தனியே எடுத்து வைத்துவிட்டு, அதன்பிறகே பெட்டியைப் பூட்டுங்கள்.